இணைய அவையில் தமிழனுக்கு இருக்கை எங்கே?

கீழ்க்கட்டளையில் நம் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லும் பொருளும் சொல்லிக்கொடுத்துத் தொண்டை தேய்ந்தவர். ஒருநாட் காலை அவர் கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் இந்தி. விளங்கவில்லை என்றார், பேசியவன் ஆங்கிலத்துக்கு மாறினான். காவலர் உடுப்பணிந்த ஒருவன் திரையில் தோன்றி, அவர் பெயரில் வந்த பொதியொன்றில் போதைப்பொருள் இருந்ததென்றும், அந்நொடியிலிருந்து அவர் சிறைப்பிடிக்கப்பட்டிருக்கின்றார் என்றும், திரையை விட்டு அகலவோ வீட்டாரிடம் வாய்திறக்கவோ கூடாதென்றும் மிரட்டினான். செய்தித்தாள்கள் ‘டிசிட்டல் கைது’ என்று எழுதுகின்றனவே, அதுதான். இரண்டு பகலும் ஓர் இரவும் அப்பெரியவர் தம் வீட்டிலேயே சிறையிருந்தார். மூன்றாம் நாள், வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி அவர் கையாலேயே அயலான் கணக்குக்குப் போயிற்று.

முறையீடு கொடுத்தார். கேட்ட அலுவலர் பரிவோடுதான் கேட்டார். இறுதியில் அவர் சொன்னது இது: “ஐயா, பணம் பல கணக்குகளில் மாறி எல்லை தாண்டிவிட்டது. அழைத்தவன் வெளிநாட்டில் இருக்கின்றான். அதற்குமேல் எங்கள் கையில் இல்லை.”

வீடு திரும்பிய பெரியவர் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எல்லைக்கு அப்பால் எனக்காகப் பேசுகின்றவர் யார், தம்பி?”

நம்மிடம் விடை இல்லை. தமிழர்காள், உங்களிடம் உண்டா? அக்கேள்வி அவர் ஒருவர்க்குரிய கேள்வியென்று எண்ணிவிடாதீர்கள். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களையும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து வரலாற்றையும் உடைய ஓர் இனம், உலகம் கூடிப் பேசும் புதிய அவையொன்றில் இருக்கையின்றி வாயிற்புறத்தே நின்றுகொண்டிருக்கின்றது. அந்த அவையின் பெயர் இணையவெளி. அங்கே அரசுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையின் பெயர் இணையவெளித் தூதாண்மை. அதற்கெனத் தமிழ்நாட்டரசு தனி அலுவலகம் ஒன்றை உடனே நிறுவவேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துவைக்கும் வழக்கு.

ஏமாற்றுபவனும் அடிமை, ஏமாறுபவனும் தமிழன்

நடுவணுள்துறையின் கீழியங்கும் இணையக்குற்ற ஒருங்கிணைப்பு நடுவம் 2024ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. அவ்வாண்டு சனவரி முதல் ஏப்பிரல் வரை, நான்கே திங்களில், மேற்சொன்ன ‘டிசிட்டல் கைது’ சூழ்ச்சியால் மட்டும் மக்கள் இழந்த தொகை ஏறத்தாழ 120 கோடி உருபா. அக்காலத்து இணைய ஏமாற்றுகளில் 46 விழுக்காடு மியான்மர், இலாவோசு, கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து நடத்தப்பட்டவை.

அந்நாடுகளில் இருந்துகொண்டு நம்மை ஏமாற்றுகின்றவர் யாவர்? அவர்களுள் நம் பிள்ளைகளும் உளர் என்பதுதான் நெஞ்சைப் பிளக்கும் உண்மை. கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, அடிக்கும் உதைக்கும் அஞ்சி, முகமறியாத மக்களை இணையத்தில் ஏமாற்றும் தொழிலில் அமர்த்தப்பட்ட இளைஞர்கள் அவர்கள். 2022 செபுதம்பரில், முதலமைச்சராயிருந்த மு.க. இசுடாலின் தலைமையமைச்சருக்கு மடல் எழுதினார். மியான்மரில் சிக்கிய ஏறத்தாழ 300 இந்தியருள் 50 பேரளவில் தமிழர் என்று அம்மடல் சொல்லிற்று. அக்குதோபர்த் தொடக்கத்தில் 13 தமிழர் சென்னைக்கு மீண்டனர்.

மீட்டவை நடுவணரசின் தூதரகங்கள். அதனை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. தன் மக்கள் அயல்நாட்டுக் கொட்டடியில் அடிபடும்போது, தமிழ்நாட்டு முதலமைச்சர் எவராயினும் அவர்க்குள்ள உரிமை என்ன? மடல் எழுதும் உரிமை! மீனவன் சிங்களக் கடற்படையிடம் பிடிபட்டால் ஒரு மடல். இளைஞன் மியாவாடியில் அடைபட்டால் ஒரு மடல். எழுத்துக்கு ஊறு வந்தால் ஒரு மடல். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த மடலின் வாசகம் மாறுவதில்லை. அஞ்சல் போய்ச்சேரும் ஊரும் மாறுவதில்லை. ஓர் இனத்தின் அயலுறவு முழுவதும் தில்லிக்கு எழுதும் விண்ணப்பமாகச் சுருங்கிப்போனது எவ்வளவு பெரிய இழிவு!

பிறர் என்ன செய்தார்கள்?

உலகைச் சற்றே பாருங்கள். வடக்கே பாலுத்திக் கடலோரம் எசுத்தோனியா என்றொரு நாடு. மக்கள்தொகை 13 இலக்கத்தைச் சுற்றியது. நம் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பக்கத்து ஊர்களைச் சேர்த்து எண்ணினாலே அந்நாட்டின் பெரும்பகுதியை நிகர்த்துவிடும். 2007 ஏப்பிரல் இறுதியில், தலைநகரிலிருந்த சோவியத்துப் படைவீரன் சிலையை இடம் மாற்றியதையொட்டி, அந்நாட்டு அரசு, வைப்பகங்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையத்தளங்கள் வெளியிலிருந்து கிழமைக் கணக்கில் தாக்கப்பட்டன. அச்சிறுநாடு அழுதுகொண்டு உட்காரவில்லை. அடுத்த ஆண்டே, 2008இல், இணையப் பாதுகாப்பு ஆய்வுநடுவம் ஒன்றைத் தன் தலைநகர் தல்லினில் அமையச் செய்தது. பின்னர் இணையவெளிக்கெனத் தனித்தூதரை அமர்த்தியது. இன்று உலகச் சட்ட அறிஞர்கள் இணையப்போர் பற்றி எழுதும்போது எடுத்துப் புரட்டும் கையேட்டுக்குத் தல்லின் என்பதே பெயர். 13 இலக்கம் பேர் தம் ஊர்ப் பெயரைச் சட்டநூலின் நெற்றியில் எழுதிவிட்டனர்!

தென்மார்க்கு 2017இல் உலகிலேயே முதன்முதலாகத் தொழில்நுட்பத் தூதர் ஒருவரை அமர்த்திக் கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. ஏன்? கூகுள், முகநூல் போன்ற குழுமங்கள் பல நாடுகளினும் வலியவை. அவற்றினிடம் முறையிட்டால் பயனில்லை, தூதனுப்பித்தான் பேசவேண்டும் என்று அன்று அறுபது இலக்கத்துக்கும் குறைந்த மக்களையுடையதாயிருந்த அந்நாடு கண்டுகொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆசுத்திரேலியா இணையவெளித் தூதரை அமர்த்தியது. அமெரிக்கா 2022 ஏப்பிரலில் தன் அயலுறவுத்துறைக்குள் இதற்கெனத் தனிப் பணியகமே திறந்தது.

உலகநாடுகள் மன்றமாகிய ஐ.நா. அவையில் 2021 முதல் 2025 வரை, இணையவெளியில் அரசுகள் ஒழுகவேண்டிய நெறிகளைப் பற்றி எல்லா நாடுகளும் கூடிப் பேசின. அப்பேச்சுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் தூதர். ஒரு தீவு, ஒரு நகரம், ஆயினும் அரசு என்னும் பெயர் உண்டு, ஆதலால் தலைமை இருக்கையும் உண்டு. இணையக் குற்றங்களுக்கு எதிரான உலக ஒப்பந்தத்தை ஐ.நா. பேரவை 2024 திசம்பர் 24இல் ஏற்றது. 2025 அக்குதோபரில் வியத்துநாமின் அனோய் நகரில் நாடுகள் அதில் கையெழுத்திடத் தொடங்கின. நம் பெரியவரைப் போன்றார் இழந்த பணத்தை எல்லை தாண்டித் தேடுவது எப்படி, சான்றுகளை ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குத் தருவது எப்படி என்பவெல்லாம் அதிலே அடங்கும். அவ்வொப்பந்தம் ஆறு மொழிகளில் இருக்கின்றது: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், இசுபானியம். அந்த மேடையில் தமிழனுக்காகப் பேசவேண்டியது தில்லி. தில்லி அங்கே என்ன பேசுகின்றது?

தில்லியின் தூது யாருடைய தூது?

தில்லி அயலுறவுத்துறையில் இணையவெளித் தூதாண்மைக்கென ஒரு பிரிவு இருக்கின்றது. புதிய தொழில்நுட்பங்களுக்கென மற்றொரு பிரிவை 2020 சனவரியில் தோற்றுவித்தனர். “இருக்கும்போது இன்னொன்று எதற்கு?” என்று நம்மவரே சிலர் கேட்பர். அவர்கள் கீழ்க்காணும் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

2018இல் தில்லி அரசு ஐ.நா. அவையோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியது. ஐ.நா. செய்திகளை இணையத்தளத்திலும் குமுகவலைத் தளங்களிலும் இந்தியில் பரப்புவது அதன் நோக்கம். அதற்காக 2022 மே திங்களில் மட்டும் தில்லி கொடுத்த தொகை 8 இலக்கம் அமெரிக்கத் தாலர். அதே ஆண்டு சூன் 10ஆம் நாள் ஐ.நா. பேரவை பன்மொழியம் பற்றிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. ஆறு ஆட்சிமொழிகளோடு இந்தி, வங்கம், உருது ஆகிய மொழிகளிலும் செய்தி பரப்புவதை அத்தீர்மானம் குறிப்பிட்டது. தில்லி அரசு அதனைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது.

தமிழ்? அதன் பெயர் அங்கில்லை. இந்தியாவோடு சிங்கப்பூரிலும் இலங்கையிலும் ஆட்சிமொழியாய் இருப்பது தமிழ். எட்டாம் அட்டவணையில் இருக்கும் மொழிகளுள் கடல்கடந்த நாடுகளின் அரசமைப்பில் இடம்பெற்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அவ்விரல்களில் ஒன்று தமிழ். செம்மொழி என்று 2004இல் தில்லியே ஒப்புக்கொண்ட மொழி. எனினும், தமிழனும் கட்டிய வரிப்பணத்தை எடுத்துக்கொண்டு இணையவெளியில் தூதுபோனவர் இந்திக்கு மட்டுமே தூதுபோயினர். இதுதான் தில்லித் தூதாண்மையின் முகம். அதனை நம்பி நம் மொழியை ஒப்படைப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகும்.

எழுத்தில் நாம் இழந்தது

இருக்கையின்மையால் வரும் இழப்பு வெறும் பெருமையிழப்பன்று. அது எழுத்தையே தாக்கும் என்பதற்கு ஒருங்குறியே சான்று.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் வழங்கும் ஒருங்குறிக் கூட்டமைப்பு 1991இல் தன் முதற்பதிப்பை வெளியிட்டது. தமிழுக்கு அவர்கள் ஒதுக்கியவை 128 இடங்கள். அவ்விடங்களையும் தமிழறிஞர் வகுக்கவில்லை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவென்று 1988இல் தில்லியில் வகுத்த குறியீட்டுத் தரத்தை அப்படியே எடுத்து அடுக்கினர். தேவநாகரியில் வல்லொலி எழுத்துகள் நிற்கும் இடங்களில் தமிழ்த் தொகுதியில் வெற்றுக்குழிகள். பிறன் அளவுக்குத் தைத்த சட்டையை நம் தோளில் மாட்டிவிட்டு, தொங்கும் இடத்தைப் பார்த்துக்கொள் என்றனர்.

அதனினும் கொடியது இலக்கணப் பிழை. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கற்றது. நம் தெருப்பெரியவர் முப்பதாண்டு கற்பித்ததும் அதுவே. ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, அதன் தலையில் புள்ளியை ஏற்றி மெய்யைப் பிழிந்தெடுக்கின்றது. குழந்தைக்குப் பின் தாய் பிறந்தாள் என்பது போன்ற இலக்கணம்! ஒரு மெய்யெழுத்துக்கு இரண்டு எண்கள். மொத்தம் 247 எழுத்துகளில் தனியெண் பெற்றவை சிலவே.

“எல்லார்க்கும் அப்படித்தானே?” என்பீராயின், கொரியரைப் பாருங்கள். 1996இல் வெளிவந்த ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பில், கொரிய மொழியின் கூட்டெழுத்துகள் 11,172க்கும் தனித்தனி இடம் கிடைத்தது. தமிழுக்கு 247 இடம் மிகையென்ற உலகம், கொரியனுக்குப் பதினோராயிரத்தை அள்ளிக் கொடுத்தது. கொரியன் அறிவிற் சிறந்தவன், தமிழன் தாழ்ந்தவன் என்பதாலா? கொரியனுக்கு ஓர் அரசு இருந்தது. அவ்வரசு தன் எழுத்துக்காக அந்த அவையில் உட்கார்ந்து வழக்காடியது. தமிழுக்காக உட்கார்ந்தவர் எவருமிலர். தில்லியின் கோப்பு ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

இன்று திருத்திக்கொள்ளலாமா எனின், அதுவும் இயலாது. ஒருமுறை எண்ணேறிய எழுத்தை நீக்குவதுமில்லை, இடம் பெயர்ப்பதுமில்லை என்பது அவ்வமைப்பின் கொள்கை. தமிழ்நாட்டரசு 2010 சூனில், எல்லாத் தமிழெழுத்துக்கும் தனியிடம் தரும் பதினாறு துணுக்குக் குறியீடு ஒன்றை ஆணையிட்டு ஏற்றது. உலகம் அதனைத் தரமாகக் கொள்ளவில்லை. அவையில் உரிய நேரத்தில் பேசாதவன், அவை கலைந்தபின் எவ்வளவு உரக்கப் பேசினாலும் தெருவிற் போகின்றவர்க்கே கேட்கும்.

அதே 2010இல் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ‘விரிவுத் தமிழ்’ என்னும் பெயரில் வடமொழி ஒலிகளுக்குரிய எழுத்துகளைக் குறியேற்றவும், எ, ஒ, ழ, ற, ன என்னும் நம் எழுத்துகளைக் கிரந்தத் தொகுதிக்குள் இழுத்துவைக்கவும் முன்மொழிவுகள் சென்றன. கிரந்த முன்மொழிவை அனுப்பியது தில்லி அரசே. தமிழறிஞரும் இயக்கத்தாரும் கொதித்தெழுந்தனர். நவம்பரில், முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி நடுவணரசுக்கு எழுதினார். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 2014இல் கிரந்தம் தனித்தொகுதியாகவே குறியேறியது. தமிழ்நாட்டரசு ஒருங்குறிக் கூட்டமைப்பில் உறுப்பாக இணைந்ததும் பயன்தந்தது; தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் உலகத் தரத்தில் ஏறின.

இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? நாம் விழித்திருந்து வாய்திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு வேலி காக்கப்பட்டது. உறங்கிய ஒவ்வொரு முறையும் ஒரு வயல் பறிபோயிற்று. ஆனால் விழிப்பை ஆர்வலர் சிலரின் தூக்கமற்ற இரவுகளுக்கு விட்டுவிடலாமா? அவர்கள் தம் பிழைப்பு முடித்து, நள்ளிரவில் கணினிமுன் அமர்ந்து, ஆங்கில ஆவணங்களைத் துருவி, ஊறு கண்டு கூக்குரலிட்டதால் 2010இல் தப்பினோம். அடுத்த முறை அவர்கள் அயர்ந்திருந்தால்? காவலுக்கு அலுவலகம் வேண்டும். ஊதியம் பெறும் காவலர் வேண்டும்.

பெயரிலும் நமக்கு இடமில்லை

இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் முகவரி உண்டு. அம்முகவரியின் ஈற்றில் நிற்கும் மேல்நிலைப் பெயர்களை ‘ஐக்கான்’ என்னும் அமைப்பு வழங்குகின்றது. தமிழெழுத்தில் அமைந்த நாட்டுப் பெயர்கள் மூன்று உள: இலங்கை, இந்தியா, சிங்கப்பூர். 2010க்கும் 2011க்கும் இடையில் இவை வழக்குக்கு வந்தன. மூன்றும் தமிழெழுத்து, மூன்றும் தமிழன் கையில் இல்லை. ‘தமிழ்’ என்னும் பெயரில் ஒரு மேல்நிலை முகவரி இன்றுவரை இல்லை.

தனியரசு இல்லாதவனுக்கு அது கிடைக்காது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இசுபெயின் நாட்டின் ஆட்சிக்குட்பட்ட காத்தலான் மக்கள் தம் மொழிக்கும் பண்பாட்டுக்குமென ‘.கேட்’ என்னும் பெயரை 2005இலேயே பெற்றுவிட்டனர். பாசுக்கு மொழியாரும், கலீசியரும், பிரெத்தோனியரும், வேல்சு மக்களும், இசுகாத்தியரும் 2014இல் தம் பெயர்களைப் பெற்றனர். இவர்கள் அனைவரையும் கூட்டினாலும் தமிழர் தொகைக்கு எட்டமாட்டார்கள்.

அப்பெயர் எத்துணை வலிமையுடையது என்பதற்கும் காத்தலோனியாவே சான்று. 2017 அக்குதோபர் முதல்நாள் நடந்த விடுதலை வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, செபுதம்பரில், இசுபானியக் காவற்படை புகுந்து தேடிய இடங்களுள் அம்முகவரியை ஆளும் அறக்கட்டளையின் அலுவலகமும் ஒன்று. வெறும் எழுத்து மூன்றுக்கு அரசொன்று அஞ்சுமாயின், அவ்வெழுத்துகளுக்குள் ஓர் இனத்தின் குரல் இருக்கின்றது என்றுதானே பொருள்?

2012இல் விண்ணப்பித்தவர் கட்டிய கட்டணம் 1,85,000 அமெரிக்கத் தாலர். அடுத்த சுற்றுக்கு அவ்வமைப்பு அறிவித்தது 2,27,000 தாலர். நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு கோடி உருபா. தில்லி இந்திக்கென ஒரே தவணையில் ஐ.நா.வுக்குக் கொடுத்த பணத்தில் ‘.தமிழ்’ என்னும் முகவரிக்கு மூன்று முறை விண்ணப்பிக்கலாம். மேம்பாலத் திறப்புவிழாப் பந்தலுக்கும் பதாகைக்கும் கணக்கின்றிச் செலவழிக்கும் நம் ஆட்சியாளர்க்கு இரண்டு கோடி ஒரு பொருட்டா? பணமில்லை என்பதன்று குறை. இதனைக் கேட்கவேண்டும் என்று காலையில் எழுந்து நினைக்கும் வேலை எந்த மேசைக்கும் தரப்படவில்லை என்பதே குறை.

சட்டம் தடுக்கின்றதா?

இனி, தில்லியின் வழக்குரைஞர்கள் எழுந்து நிற்பர். “அயலுறவு ஒன்றியப் பட்டியலில் உள்ளது, பத்தாம் பதிவைப் பார், ஒப்பந்தம் செய்வது பதினான்காம் பதிவைப் பார், மாநிலம் வாய்திறக்கலாகாது” என்பர். 2024 சூலையில் கேரள அரசு, தன் செயலாளர் ஒருவரிடம் அயல்நாட்டு ஒத்துழைப்பு தொடர்பான பொறுப்பைக் கூடுதலாக ஒப்படைத்தது. உடனே தில்லி அயலுறவுத்துறை, மாநிலங்கள் தம் வரம்புக்கு அப்பாற்பட்டவற்றில் தலையிடக்கூடாது என்று எச்சரித்தது. ஓர் அலுவலர்க்குக் கூடுதலாக ஒரு கோப்பைத் தந்ததற்கே இவ்வளவு நடுக்கம்!

சட்டம் அவ்வாறு எழுதப்பட்டிருப்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதற்பதிவு பொது ஒழுங்கு. இரண்டாம் பதிவு காவல்துறை. பெரியவரின் பணம் களவுபோனால் வழக்குப் பதியவேண்டியது தமிழ்நாட்டுக் காவல்துறை. களவாணியைத் தேட அயல்நாட்டாரோடு பேசவேண்டியது தில்லி. பொறுப்பு நமக்கு, வாய் அவர்களுக்கு. கையைக் கொடுத்து நாக்கை அறுத்துவைத்த சட்டம் இது.

கூட்டாட்சி என்றாலே இப்படித்தானா? கனடா நாட்டில் கியூபெக்கு மாநிலத்தின் கல்வியமைச்சர் செரான் இலாசுவா 1965 ஏப்பிரலில் அயல்நாட்டுத் தூதர்களின் முன்னிலையிலேயே அறிவித்தார்: உள்நாட்டில் எந்தத் துறை எம் ஆட்சிக்குரியதோ, அத்துறையில் வெளிநாட்டோடு பேசும் உரிமையும் எமதே. கியூபெக்கு அயல்நாடுகளில் தன் பேராளர் அலுவலகங்களை நடத்துகின்றது. பிரெஞ்சுமொழி நாடுகளின் அமைப்பில் தன் பெயராலேயே உறுப்பாக இருக்கின்றது. கனடா உடைந்துபோகவில்லை. பெல்சிய நாட்டில் பிளாண்டர்சு 1993ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி தன் துறைகளில் தானே ஒப்பந்தம் செய்கின்றது. செருமானியத்தின் அடிப்படைச் சட்டமும் உறுப்பு மாநிலங்கள் நடுவணரசின் இசைவோடு அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்ய இடம் தருகின்றது. அங்கெல்லாம் மாநிலம் ஆளாய் மதிக்கப்படுகின்றது. இங்கே அஞ்சற்காரனாய் நடத்தப்படுகின்றது.

ஆகவே சட்டத்தை மாற்றக் கேட்பது நம் நெடுநாள் வழக்கு. அதனை விடமாட்டோம். ஆனால் சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஒருங்குறிக் கூட்டமைப்பு நாடுகளின் மன்றமன்று. உறுப்புக் கட்டணம் செலுத்துவோர் உட்காரும் அவை. ‘ஐக்கான்’ அரசன்று. கூகுளும் முகநூலும் அரசுகள் அல்ல. அவற்றோடு தமிழ்நாட்டரசு பேசுவதை ஒன்றியப் பட்டியலின் எந்தப் பதிவும் தடுக்கவில்லை. கதவு திறந்திருக்கும்போதே உள்ளே போகாமல், பூட்டியிருக்கும் கதவைக் காட்டி ஒப்பாரி வைப்பது நம் ஆட்சியாளர்க்கு வசதியான வழக்கமாகிவிட்டது. தில்லியைக் கடிவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கோட்டையில் மாறிமாறி அமர்ந்தவர்களையும் கடிந்தே ஆகவேண்டும். 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூட்டி விசைப்பலகைக்குத் தரம் கண்டவர்கள், 2001இல் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியவர்கள், அதே வேகத்தில் ஏன் தூதாண்மைக்கும் ஓர் இடம் காணவில்லை?

என்ன செய்யவேண்டும்?

முதலமைச்சரின் நேர்ப்பார்வையில், தமிழ்நாடு இணையவெளித் தூதாண்மை அலுவலகம் என்றொன்றை அரசாணை வழியாக நிறுவுக. அதிலே தமிழறிஞர், கணினிப் பொறியாளர், உலகச் சட்டம் கற்றோர், இணையக் குற்றம் துப்பறிந்த காவல் அலுவலர் ஆகியோர் ஒருங்கமர்க. அதன் வேலைகள் இவை:

ஒன்று: ஒருங்குறி முதலாகத் தமிழெழுத்தைத் தொடும் தரஅமைப்பு ஒவ்வொன்றிலும் நிலையான பேராளர் ஒருவரை வைத்திருத்தல். முன்மொழிவு எதுவாயினும் அதனைத் தமிழில் வெளியிட்டு மக்கள் கருத்தறிதல்.

இரண்டு: ‘.தமிழ்’ என்னும் முகவரியைக் கேட்டுப் பெற்று, எந்தக் கட்சிக்கும் எந்த வணிகனுக்கும் உரிமையாகாமல், சிங்கப்பூர், மலேசியா, ஈழம், புலம்பெயர் நாடுகள் அனைத்தின் தமிழர்க்கும் பொதுவான அறக்கட்டளையிடம் ஒப்படைத்தல்.

மூன்று: அயல்நாட்டு ஏமாற்றால் பணமிழந்தோர்க்கும், அயல்நாட்டுக் கொட்டடியில் சிக்கிய இளைஞர்க்கும், இரவுபகல் பாராது தமிழில் பேசும் உதவிமேசை. முறையீடு தில்லிக்குப் போனபின் எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில், எந்த நிலையில் இருக்கின்றது என்பதை முறையிட்டவர்க்கு மடலால் தெரிவிக்கும் கடமையும் அதற்கு உண்டு.

நான்கு: பன்னாட்டுக் குழுமங்களோடு நேரிற் பேசுதல். எந்திரத்துக்கு மொழி கற்பிக்கும் இக்காலத்தில், நம் நூல்களையும் பேச்சையும் அள்ளிக்கொண்டுபோய், பின்னர் பிழைத்தமிழாக நமக்கே விற்பவர்களிடம் முறையும் விலையும் பேச ஒரு வாய் வேண்டும்.

ஐந்து: இணையவெளி பற்றிய உலகப் பேச்சுகளுக்குச் செல்லும் நடுவணரசுக் குழுக்களில் தமிழ்நாட்டுப் பேராளர்க்கு இடம் கேட்டு வாங்குதல். தில்லி அயலுறவுத்துறை 2014இல் மாநிலங்களுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. திறந்த கதவு உண்மையானதா, சுவரில் எழுதிய கதவா என்பதைத் தட்டிப் பார்த்தாலன்றோ தெரியும்?

பல்லாவரத்திலிருந்து புறப்படுக

கீழ்க்கட்டளையில் நின்று பார்ப்பார்க்கு இவ்வழக்கு முழுவதும் ஒரே சாலையில் விளங்கும். இருநூறடிச் சாலை எங்கள் ஊரை ஊடறுத்து ஓடுகின்றது. அதன் கிழக்கு முனை துரைப்பாக்கம். அங்கே கண்ணாடி மாளிகைகளில் நம் பிள்ளைகள் உலகத்தார்க்கெல்லாம் கணினிப்பணி செய்கின்றனர். அதற்கும் கிழக்கே கடல். சென்னைக் கரையிலிருந்து 2002 முதல் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பிவடங்கள் ஓடுகின்றன; 2020 ஆகத்தில் அந்தமானுக்கும் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்று போயிற்று. சோழர் கலம் சென்ற கடலின் அடியில் இன்று ஒளியிழை செல்கின்றது. கம்பி நம் மண்ணில் கரையேறுகின்றது. உழைப்பு நம் பிள்ளைகளுடையது. ஆயினும் அதன்வழிச் செல்லும் செய்திக்கு நெறி வகுக்கும் அவையில் நமக்கு இருக்கை இல்லை.

அதே சாலையின் மேற்கு முனை பல்லாவரம். 1911 முதல் மறைமலையடிகள் வாழ்ந்த ஊர். 1916இல் அவர் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்ட ஊர். அன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர் பலர். பிறமொழிச் சொல்லை விலக்கித் தமிழ் எழுதுவதா, இது நடக்கிற வேலையா என்றனர். அவர் எவர் இசைவுக்கும் காத்திருக்கவில்லை. வேதாசலம் என்னும் தம் பெயரிலிருந்தே தொடங்கினார். இன்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அத்தொடக்கத்தின் விளைச்சல்.

அன்று சொல்லுக்கு வந்த ஊறு இன்று எழுத்துக்கும் முகவரிக்கும் முதியோர் சேமிப்புக்கும் இளைஞர் உயிருக்கும் வந்திருக்கின்றது. ஆதலால் அன்பர்களே, இவ்விதழைப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் எக்கட்சியாயினும் அவரிடம் நேரிற் சென்று கேளுங்கள்: தமிழ்நாட்டுக்கு இணையவெளித் தூதாண்மை அலுவலகம் எப்பொழுது? மேடையில் தமிழ் வாழ்க என்பவரிடம் கேளுங்கள்: ‘.தமிழ்’ எப்பொழுது? விடை வரும்வரை கேளுங்கள்.

அடுத்த தெருப் பெரியவர் இன்றும் மாலையில் திண்ணையில் அமர்ந்து, தெருப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கின்றார். முதலில் மெய், பின்னர் உயிர், அதன்பின் உயிர்மெய் என்றே சொல்லிக்கொடுக்கின்றார். அவர் கேட்ட கேள்வி இன்னும் விடையின்றி நிற்கின்றது. எல்லைக்கு அப்பால் எனக்காகப் பேசுகின்றவர் யார்?

தமிழனுக்காகத் தமிழன்தான் பேசவேண்டும். அதற்கு ஓர் இருக்கை வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவோம்!